சாட்சி சொல்லும் சிறுவன்: ‘ஷேன்’ நாவல் – ஒரு மறுவாசிப்பு

அமெரிக்க இலக்கியத்தில் ‘வெஸ்டர்ன்’ என வழங்கும் ஒரு நாவல் வகை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்நாட்டின் மேற்கு எல்லைப்புறங்களில் நடந்த குடியேற்றத்தையும் அதையொட்டி எழுந்த பூசல்களையும் பொருளாகக் கொண்டவை அவை. குதிரை, துப்பாக்கி, தூசி படிந்த தொப்பி, மதுக்கூடத்தில் ஒரு மோதல் என்று வாய்பாடாகிப்போன இவ்வகை நூல்களைக் கற்றோர் பெரும்பாலும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவர். ஒதுக்கத்தக்கவை அவற்றுள் மிகுதி என்பதும் உண்மையே. எனினும் ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறதோ, அந்தக் கதையில்தான் அது தன்னைப் பற்றி நம்ப விரும்புவதெல்லாம் பதிந்திருக்கும். அவ்வகையில் ஜாக் ஷேஃபர் எழுதிய ‘ஷேன்’ என்னும் சிறு நாவல் நம் கவனத்துக்குரியது. 1949-இல் நூலாக வெளிவந்த அது, அமெரிக்கப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவர் பாடமாகப் படித்த நூல். 1953-இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கத்தில் திரைப்படமாகி உலகெங்கும் சென்ற கதை.

இலக்கியத்தைக் குறிக்கும் ‘அதப்’ என்னும் அரபுச் சொல்லே நல்லொழுக்கப் பயிற்சியையும் குறிக்கும். ஒரு சிறுவன் ஆளாகும் கதையைச் சொல்லும் நூலை இவ்விரு பொருளிலும் உரைத்துப் பார்ப்பதே முறை. அதன் எழுத்து எத்தகையது என்பது ஒரு கேள்வி. அச்சிறுவனுக்கு அது எதைக் காணக் கற்பிக்கிறது, எதைக் காணாதிருக்கக் கற்பிக்கிறது என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்கு ‘ஷேன்’ நிறைவான விடை தருகிறது. இரண்டாம் கேள்வியில்தான் நமக்கு வழக்கு இருக்கிறது.

கதையும் களமும்

நாவல் 1889-ஆம் ஆண்டுக் கோடையில், வயோமிங் பிரதேசத்தின் ஒரு பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. வயோமிங் அப்போது மாநிலம் ஆகவில்லை. 1890 ஜூலையில்தான் அத்தகுதியைப் பெற்றது. 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கர் நிலத்தில் குடியமர்ந்து ஐந்தாண்டுகள் பயிரிட்டு வாழ்ந்தவர் அதற்கு உரியவராகலாம். அவ்வாறு வந்த எளிய உழவர்கள் ஒருபுறம். வேலியற்ற அரசு நிலத்தில் ஆயிரக்கணக்கான மாடுகளை மேயவிட்டுப் பழகிய பண்ணை முதலாளிகள் மறுபுறம். உழவன் வேலி போட்டால் மாடு தண்ணீருக்குப் போகும் வழி அடைபடும். மாடு புகுந்தால் உழவனின் பயிர் அழியும். 1874-இல் முள்கம்பி வேலிக்குக் காப்புரிமை வழங்கப்பட்டபின் மரம் அரிதான சமவெளியிலும் வேலியிடுதல் எளிதாயிற்று. 1886–87 குளிர்காலத்துக் கடும்பனியில் மேய்ச்சல் மாடுகள் பெருந்தொகையாக மாண்டன. எஞ்சிய முதலாளிகள், எஞ்சிய புல்லையும் நீரையும் விட்டுக்கொடுக்க மனமில்லாதவராயினர்.

இந்தப் பின்னணியில் ஜோ ஸ்டாரெட் என்னும் உழவனின் வீட்டுக்கு ஷேன் என்ற ஒற்றைப் பெயர் மட்டுமே உடைய குதிரைவீரன் வந்து சேர்கிறான். தண்ணீர் கேட்டு நின்றவன் விருந்தாளியாகி, பிறகு பண்ணையாளாகத் தங்கிவிடுகிறான். ஜோவின் மனைவி மேரியன், மகன் பாப். பள்ளத்தாக்கு முழுவதையும் தனதாக்கிக்கொள்ள முனையும் முதலாளி லூக் ஃப்ளெட்சர், ஏவலாட்களைக் கொண்டு உழவர்களை அச்சுறுத்துகிறான். அது பலிக்காதபோது ஸ்டார்க் வில்சன் என்னும் கூலித் துப்பாக்கிக்காரனை வரவழைக்கிறான். எர்னி ரைட் என்ற உழவனை வில்சன் வேண்டுமென்றே சீண்டிச் சுட்டுக் கொல்கிறான். அடுத்து ஜோவின் முறை. அவன் சாகத் துணிந்து புறப்படும் வேளையில் ஷேன் அவனைத் துப்பாக்கியால் அடித்து மயங்கச் செய்துவிட்டுத் தானே நகருக்குச் செல்கிறான். வில்சனையும் ஃப்ளெட்சரையும் கொன்று, தானும் காயமுற்று, வந்த வழியே மறைந்துபோகிறான்.

கதை கற்பனை, மோதல் கற்பனை அன்று. 1892 ஏப்ரலில் வயோமிங்கின் ஜான்சன் கவுண்டியில் பெரும்பண்ணை முதலாளிகள் டெக்ஸாஸிலிருந்து கூலிப்படை திரட்டிச் சென்று, நேட் சேம்பியன், நிக் ரே என்னும் இருவரைக் கொன்றனர். சினமுற்ற மக்கள் அப்படையைச் சூழ்ந்துகொண்டபோது கூட்டாட்சிக் குதிரைப்படை வந்து மீட்டது. கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நாவலில் நீதி ஒரு தனிமனிதனின் கைத்துப்பாக்கியிலிருந்து பிறக்கிறது. வரலாற்றில் அது பிறக்கவேயில்லை. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. 1907-இல் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் பிறந்த ஷேஃபர், கல்லூரியில் கிரேக்கமும் இலத்தீனும் பயின்று, பின்னர்ப் பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டவர். இக்கதை 1946-இல் ‘ஆர்கோஸி’ இதழில் முதலில் தொடராக வந்தபோது அவர் மேற்குப் பகுதியைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆகவே இந்த நூலில் உள்ள மேற்கு, நூலகத்தில் பிறந்த மேற்கு. அதன் சிக்கனமான அமைப்புக்கும் ஒற்றை நோக்குக்கும் கிரேக்க நாடகம் பயின்ற மனமே காரணம் எனலாம்.

கேட்ட வயதும் சொன்ன வயதும்

நாவலின் உயிர், கதையை யார் சொல்கிறார் என்பதில் இருக்கிறது. பாப் சிறுவனாக இருந்து கண்டவற்றை, வளர்ந்த மனிதனாக நின்று சொல்கிறான். அறிவிப்புக் கலையில் வல்ல அரபு அறிஞர்கள் ‘தஹம்முல்’ என்றும் ‘அதா’ என்றும் இரண்டைப் பிரிப்பர். முன்னது செய்தியைப் பெற்றுக்கொள்ளல். பின்னது அதைப் பிறருக்கு எடுத்துரைத்தல். சிறுவயதில் பெற்றதைப் பருவமடைந்தபின் எடுத்துரைத்தால் ஏற்கலாம் என்பது பெரும்பான்மையோர் முடிவு. பெறுவதற்குக் கூர்ந்த கண்ணும் செவியும் போதும். உரைப்பதற்கோ பொறுப்பறிந்த முதிர்ச்சி வேண்டும். ‘ஷேன்’ நாவலின் நடைச் சிறப்பை விளக்க இதைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது.

சிறுவன் பாப் காண்கிறான். பொருள் அவனுக்கு விளங்குவதில்லை. தொழுவத்து வேலியின் மேல் அமர்ந்து, தொலைவில் வரும் குதிரைவீரனைப் பார்க்கிறான். பாதை இரண்டாகப் பிரியுமிடத்தில் அவன் சற்றே தயங்கி, ஃப்ளெட்சரின் பக்கம் போகாமல் உழவர்களின் பக்கம் திரும்புவதைக் காண்கிறான். உணவு மேசையில் வாயிலைப் பார்த்தவாறே அவன் அமர்வதைக் கவனிக்கிறான். போர்வைச் சுருளுக்குள் பேணி மறைக்கப்பட்ட துப்பாக்கி ஒன்றைக் கண்டெடுக்கிறான். தாயின் முகத்தில் வந்துபோகும் ஏதோ ஒன்றையும், தந்தையின் நீண்ட மௌனத்தையும் பார்க்கிறான். இவற்றையெல்லாம் கோத்து முடிவு சொல்லும் வேலையை வளர்ந்த பாப் செய்வதில்லை, வாசகரிடமே விட்டுவிடுகிறான். மேரியனுக்கும் ஷேனுக்கும் இடையே முளைத்த அன்பு ஒருமுறைகூட அதற்குரிய பெயரால் சொல்லப்படவில்லை. ஜோ அதை அறிவான். தனக்கு ஏதேனும் நேர்ந்தால் மனைவியும் மகனும் தன்னினும் மேலானவன் ஒருவனின் காவலில் இருப்பர் என்ற ஆறுதலோடு சாவை நோக்கிப் புறப்படவும் அவனால் முடிகிறது. மூவரில் ஒருவரும் எல்லை மீறவில்லை. ஆசை என்பது என்னவென்றே அறியாத பிள்ளையின் வாயிலாக இது சொல்லப்படுவதால் இந்த இடம் சிறிதும் கொச்சைப்படவில்லை. அடக்கத்தின் அழகை இவ்வளவு தூய்மையாகக் காட்டிய வெகுமக்கள் நாவல்கள் மிகச் சிலவே.

நூலின் இறுதியில் நகரத்தார் ஷேனைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கின்றனர். தெற்கே அர்கன்ஸாஸ், டெக்ஸாஸ் பகுதிகளில் பெயர்பெற்று, பின் காணாமற்போன ஷானன் என்னும் துப்பாக்கிக்காரனே அவன் என்பது அவற்றுள் ஒன்று. பாப் இவற்றுக்குச் செவிசாய்ப்பதில்லை. உடனிருந்து கண்டவனுக்கும் ஊர்வாய்க்கும் உள்ள வேறுபாட்டை அவன் உணர்ந்திருக்கிறான். நம்பத்தக்க அறிவிப்பாளனுக்குரிய இலக்கணம் அது.

அடிக்கட்டையும் கடனும்

ஒரு சிறுவனை ஆளாக்குவது எது? இக்கேள்விக்கு நாவலின் முற்பகுதியில் ஓர் அருமையான விடை இருக்கிறது. லெட்யார்டு என்னும் நாடோடி வணிகன் நிலம் கிளறும் கருவி ஒன்றை ஜோவுக்கு விற்க வருகிறான். அவன் சொல்லும் விலை 110 டாலர். ஷேயன் நகரக் கடையில் அதே கருவியை 60 டாலருக்குப் பார்த்ததாக ஷேன் அமைதியாகச் சொல்கிறான். வணிகன் வெகுண்டு, ஊர்பேர் தெரியாத நாடோடியின் சொல்லை நம்புவதா என இழித்துப் பேசுகிறான். ஜோ ஒரு கணம் ஷேனைப் பார்க்கிறான், நம்புகிறான். கொண்டுவந்த செலவையும் கணக்கிட்டு 80 டாலருக்கு மேல் தரமாட்டேன் என்று முடித்துவிடுகிறான்.

முன்பின் அறியாத ஒருவனின் சொல்லை நம்பியது ஷேனுக்குக் கடனாகிறது. அவன் நன்றி சொல்வதில்லை. கோடரியை எடுத்துக்கொண்டு, ஜோ நெடுங்காலமாகப் போராடியும் அகற்ற முடியாத ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டையை வெட்டத் தொடங்குகிறான். சற்று நேரத்தில் ஜோவும் எதிர்ப்புறம் வந்து நிற்கிறான். இருவரும் பேசாமலே வேர் வேராக அறுத்து, மாலைக்குள் அதைப் பெயர்த்துத் தள்ளுகின்றனர். அவர்களைப் பார்த்து நின்றதில் மேரியன் அடுப்பில் வைத்த ஆப்பிள் பணியாரம் கருகிவிடுகிறது. அவளும் விட்டுக்கொடுப்பவள் அல்லள். மீண்டும் முதலிலிருந்து மாவு பிசைந்து இன்னொன்று செய்து முடிக்கிறாள். அடிக்கட்டையை வென்றவர்களின் வைராக்கியமும் பணியாரத்தை வென்றவளின் வைராக்கியமும் ஒன்றுதான் என்பதை அன்றைய உணவு மேசையில் மூவரும் சிரித்து உணர்கின்றனர்.

சிறுவன் கற்ற முதற்பாடம் இது. ஆண்மை என்பது சொல் காத்தல், பட்ட கடன் தீர்த்தல், தொடங்கியதை முடித்தல். துப்பாக்கிக்கு இங்கு வேலையே இல்லை. நாவல் முழுவதிலும் மிகச் சிறந்த பகுதி இது என்பது நம் கருத்து. சண்டைக் காட்சிகளைக் கொண்டு இந்நூலை நினைவுகூர்பவர்கள் அதன் பெருமையைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர்.

துப்பாக்கி வெறும் கருவியா?

பின்னொரு நாள் கொட்டகையில் பாப் சுடுவதற்கு உதவாத பழைய கைத்துப்பாக்கி ஒன்றை வைத்துக்கொண்டு விளையாடுகிறான். ஷேன் அவனுக்கு அதைப் பிடிக்கும் முறையையும் உருவும் முறையையும் காட்டுகிறான். துப்பாக்கி என்பது கோடரி, மண்வெட்டி போன்ற ஒரு கருவியே. அதைக் கையாளும் மனிதன் நல்லவனாயின் அதுவும் நன்று, தீயவனாயின் அதுவும் தீது என்ற பொருள்படச் சொல்கிறான். அமெரிக்கப் பொதுவாழ்வில் ஆயுத உரிமைக்காக வாதிடுவோர் இன்றளவும் சொல்லிவரும் நியாயம் இதுவே. ஒரு சிறுவர் பாடநூலில் இவ்வளவு மனங்கவரும் ஒருவன் வாயிலாக அது சொல்லப்படும்போது எவ்வளவு ஆழமாக வேரூன்றும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆயினும் ஆசிரியருக்கு நாம் நியாயம் செய்தல் வேண்டும். ஷேன் சொன்னதை நாவலே பின்னர் மறுத்துவிடுகிறது. கோடரியைப் பயன்படுத்தியவன் மாலையில் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு உணவுக்கு அமர முடிகிறது. துப்பாக்கியைப் பயன்படுத்தியவனால் முடிவதில்லை. இரு உயிர்களை வாங்கியபின் ஷேன் அந்த வீட்டுக்குத் திரும்ப மறுக்கிறான். தான் எந்த அச்சில் வார்க்கப்பட்டானோ அதை உடைத்து வேறொருவனாக வாழ முயன்றதாகவும் அதில் தோற்றுவிட்டதாகவும் சிறுவனிடம் ஒப்புக்கொள்கிறான். வெறும் கருவி என்றால் அது ஒரு மனிதனை இப்படி வார்த்திருக்குமா? தன் போர்வைக்குள் சுருட்டி வைத்தும், கோடைமுழுதும் தொடாதிருந்தும், அது அவனை விட்டபாடில்லை. கருவி கைக்கு அடங்கியது என்று நம்பியிருந்தவன், கை கருவிக்கு அடங்கியிருந்ததை இறுதியில் கண்டுகொள்கிறான். முன் சொன்ன நீதிமொழியை மாணவருக்கு மேற்கோள் காட்டும் ஆசிரியர்கள் இந்த முடிவையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்வது நூலுக்கு இழைக்கும் அநீதி.

திரைப்படத்தில் சிறுவன் ஷேனைத் திரும்பி வருமாறு கூவி அழைக்கும் காட்சி புகழ்பெற்றது. நாவலில் அக்கூவல் இல்லை. வலிமையும் நேர்மையும் உடையவனாக வளர்ந்து பெற்றோரைப் பேணுமாறு ஷேன் அவனுக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். பாப் அதை ஓர் அமானிதமாக ஏற்றுக்கொள்கிறான். திரைப்படம் வீரனை இழந்த ஏக்கத்தில் முடிகிறது. நாவல் ஒரு பொறுப்பு கைமாறுவதில் முடிகிறது. ஆளாதல் என்பதைப் பற்றி எழுத்தாளருக்கு இருந்த தெளிவு இயக்குநருக்கு வாய்க்கவில்லை என்றே கூறலாம்.

1889-ஆம் ஆண்டுக் கோடை

இனி நம் வழக்குக்கு வருவோம். நாவலின் தொடக்கப் பகுதியில், ஃப்ளெட்சர் ஏன் இப்போது பள்ளத்தாக்கு முழுவதையும் வேண்டுகிறான் என்பதற்கு ஒரு காரணம் போகிற போக்கில் சொல்லப்படுகிறது. பிளாக் ஹில்ஸ் மலைகளுக்கு அப்பால் ஸ்டாண்டிங் ராக் என்னுமிடத்தில் உள்ள சியூ மக்களின் ஒதுக்கிடத்துக்கு மாட்டிறைச்சி வழங்கும் அரசு ஒப்பந்தத்தை அவன் பெற முயல்கிறான். ஒப்பந்தம் கிடைத்தால் மந்தை பெருக வேண்டும். மந்தை பெருக மேய்ச்சல் நிலம் வேண்டும். ஆகவே உழவர்கள் போக வேண்டும். கதையின் பூசல் முழுவதும் இந்த அச்சில்தான் சுழல்கிறது. ஆனால் அந்த இறைச்சியை உண்ண வேண்டிய மக்களில் ஒருவர்கூடக் கதைக்குள் முகம் காட்டுவதில்லை. பாப் அவர்களைப் பற்றிக் கேட்பதும் இல்லை. அவனுக்கு யாரும் சொல்வதும் இல்லை.

யார் அவர்கள்? அவர்களுக்கு அரசு ஏன் இறைச்சி வழங்க வேண்டும்? 1868-இல் லாரமி கோட்டையில் ஏற்பட்ட உடன்படிக்கை, பிளாக் ஹில்ஸ் உள்ளிட்ட பெருநிலத்தைச் சியூ மக்களின் ஒதுக்கிடமாக ஏற்றது. பிக்ஹார்ன் மலைகளுக்குக் கிழக்கே, வடக்குப் பிளாட் ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலம் வெள்ளையருக்கு விட்டுக்கொடுக்கப்படாத பழங்குடியினர் நிலம் என்றும் அது அறிவித்தது. இன்றைய வயோமிங்கின் வடகிழக்குப் பகுதி அதற்குள் அடங்கும். 1874-இல் பிளாக் ஹில்ஸில் தங்கம் இருப்பது தெரியவந்ததும் நிலைமை மாறியது. போர் மூண்டது. 1877-இல் அம்மலைகள் சட்டத்தின் பெயரால் பறிக்கப்பட்டன. அதற்கு ஈடாக அரசு தருவதாக ஏற்றுக்கொண்டவற்றுள் ஒன்று, நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு மாட்டிறைச்சி. அவர்கள் வேட்டையாடி வாழ்ந்த காட்டெருமைக் கூட்டங்களோ 1880-களின் தொடக்கத்திலேயே ஏறத்தாழ அழிக்கப்பட்டுவிட்டன.

ஆகவே ஃப்ளெட்சர் விற்க விரும்பிய இறைச்சி, பறிக்கப்பட்ட மலைகளின் விலை. அவன் மாடு மேய்த்த நிலமும், ஜோ வேலியிட்ட நிலமும், முன்னர்ப் பிறருடையவை. நாவலில் உழவனும் முதலாளியும் இந்த நிலம் யாருக்கு உரியது என்று வாதிடுகின்றனர். முதலில் வந்து ஆபத்துகளைத் தாங்கியவன் நான் என்பது ஒருவன் கட்சி. உழுது பயன்கொள்பவன் நான் என்பது மற்றவன் கட்சி. வழக்கின் மூன்றாம் தரப்பு மன்றத்துக்கு அழைக்கப்படவே இல்லை.

ஆண்டைக் கவனித்தால் இந்த மௌனம் மேலும் கனக்கிறது. 1889 மார்ச்சில் நிறைவேறிய சட்டம், பெரிய சியூ ஒதுக்கிடத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஏறத்தாழ 90 இலட்சம் ஏக்கரைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட வகைசெய்தது. 1868 உடன்படிக்கைப்படி, வயதுவந்த ஆடவரில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்பினாலன்றி நிலத்தை மாற்ற முடியாது. அந்த ஒப்புதலைத் திரட்ட ஜெனரல் ஜார்ஜ் குரூக் இடம்பெற்ற ஆணைக்குழு, 1889-ஆம் ஆண்டு அதே கோடையில் ஒதுக்கிடம் ஒதுக்கிடமாகச் சென்றது. கோடையின் இறுதிக்கட்டத்தில் அது சென்றடைந்த இடம் ஸ்டாண்டிங் ராக். அங்கு வாழ்ந்த சிட்டிங் புல் கடுமையாக எதிர்த்தும் பயனில்லை. கையொப்பங்கள் பெறப்பட்டன, அதன்பின் இறைச்சிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. 1890 டிசம்பர் 15-இல் சிட்டிங் புல் தம்மைக் கைதுசெய்ய வந்த காவலரால் ஸ்டாண்டிங் ராக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரு வாரங்களில், டிசம்பர் 29-இல், வூண்டட் நீ ஓடைக்கரையில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பெருந்தொகையினர் படையினரால் கொல்லப்பட்டனர்.

தொழுவத்து வேலியில் அமர்ந்து பாப் ஷேனின் வருகையைக் கண்ட கோடையும் இதுவே. அங்கும் பாப் வயதுச் சிறுவர்கள் இருந்தனர். தம் தந்தையர் கையொப்பமிடுவதையும், இட மறுத்து நிற்பதையும் அவர்கள் கண்டிருப்பர். அவர்களுடைய ஆளாகும் கதையை ‘ஷேன்’ சொல்லவில்லை. சிறுவனின் கண் தூயது. அவன் பொய் சொல்வதில்லை. ஆயினும் சாட்சி தான் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை மட்டுமே சொல்ல முடியும். கதைசொல்லியாகச் சிறுவனைத் தேர்ந்தெடுத்ததால் நாவலுக்குக் கிடைத்த பெரும் நன்மை அதன் தூய்மை. அதே தேர்வால் நிகழ்ந்த தீமை, குடியேற்றமும் அவனைப்போலவே குற்றமற்றதாகத் தோன்றிவிடுவது. 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப்பின் எல்லைக்கோடு என ஒன்று இனி இல்லை என அறிவிக்கப்பட்டது. எல்லைப்புற அனுபவமே அமெரிக்கப் பண்பை உருவாக்கியது என்ற கொள்கையை வரலாற்றறிஞர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் 1893-இல் முன்வைத்தார். அக்கொள்கையை ஒரு சிறுவனின் வாழ்வாக்கிச் சொன்னால் கிடைப்பது ‘ஷேன்’. நாடே ஒரு சிறுவன்; அவன் வளர்ந்தான்; வளர்ந்ததில் யாருக்கும் தீங்கில்லை.

இதை உணர ஆசிரியரால் இயலாமற்போயிற்று என்றும் சொல்லிவிட முடியாது. ஷேஃபர் 1953-இல் வெளியிட்ட ‘தி கேன்யன்’ என்னும் குறுநாவலின் நாயகன் ஒரு செயேன் பழங்குடி இளைஞன். போர்தான் ஆண்மை என்ற தன் குலத்தின் வழக்கோடு ஒத்துப்போக இயலாமல், தனித்து ஒரு மலைப்பிளவில் வாழ முனைபவன் அவன். ஷேனால் துப்பாக்கியைத் துறக்க முடியவில்லை. இந்த இளைஞன் போரைத் துறக்க வழி தேடுகிறான். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர், ஒரே எழுத்தாளர் தம் முதல் நூலின் குறையை இன்னொரு நூலில் ஓரளவு ஈடுசெய்ததைக் காண்பர். உலகம் முதல் நூலைக் கொண்டாடியது, மற்றதை மறந்தது. வாசகர் கூட்டம் எதைக் கேட்க விரும்பியது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

வேலிக் கம்பம்

ஷேன் சென்றபின் ஜோ மனம் உடைந்துபோகிறான். நிலத்தை விட்டுவிட்டு வேறெங்கேனும் போய்விடலாம் என்கிறான். மேரியன் அவனைத் தொழுவத்துக்கு அழைத்துச் சென்று, ஷேன் நட்ட வேலிக் கம்பம் ஒன்றைக் காட்டி, அதை அசைத்துப் பார்க்கச் சொல்கிறாள். ஊரிலேயே வலிமை மிக்க அந்த உழவன் முழு வலுவோடு தள்ளியும் கம்பம் அசைவதில்லை. இந்த இடத்தில் நாம் வேரூன்றிவிட்டோம் என்று அவள் உணர்த்துகிறாள். முன்பு ஷேனால் கையொடிக்கப்பட்ட கிரிஸ், ஃப்ளெட்சரின் ஆளாயிருந்தவன், இப்போது ஷேன் விட்டுச்சென்ற இடத்தில் உழைக்கத் தானாக வந்து நிற்கிறான். போனவனைவிட நிற்பவர்களே பெரியவர்கள் என்று நாவல் இங்கே சொல்லிவிடுகிறது. இந்தக் கதையின் உண்மையான தலைவி மேரியன் என்று நாம் கருதுவதும் இதனாலேயே. ஆடவர் இருவரும் சாவதற்கும் கொல்வதற்கும் ஆயத்தமானார்கள். வாழ்வதற்கு ஆயத்தமானவள் அவள்.

அடிக்கட்டையைப் பெயர்த்தெறிந்ததில் தொடங்கிய கதை, கம்பத்தைப் பெயர்க்க முடியாததில் முடிகிறது. வடிவ அழகில் இதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அடிக்கட்டை ஒருகாலத்தில் மரமாயிருந்தது. அதற்கு ஆழ்ந்த வேர்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அறுத்த பிறகே வேலி எழும்பியது. ஆசிரியர் இதை எண்ணி எழுதினாரோ இல்லையோ, நூலில் அது இருக்கிறது. கம்பத்தின் உறுதியைக் கண்டு மகிழும் வாசகர், அடிக்கட்டையின் வேர்களையும் நினைக்கக் கடமைப்பட்டவர்.

அவ்வாறாயின் இந்நூலை நம் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா? தயங்காமல் கொடுக்கலாம் என்பதே நம் விடை. சொல் காப்பதையும், அடக்கத்தையும், கொலை என்பது கொன்றவனையும் விடாது என்பதையும் இத்துணைச் சுருக்கமாகச் சொல்லும் கதைகள் எளிதில் கிடைப்பதில்லை. முதல் வாசிப்பில் அவர்கள் பாப்போடு வேலியின் மேல் அமர்ந்து பார்க்கட்டும். சில ஆண்டுகள் கழித்து, மீண்டும் அதே நூலை எடுத்து, வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் யார் என்று கேட்கட்டும். முதல் வாசிப்பில் அவர்கள் படிப்பது ஒரு சிறுவன் வளர்ந்த கதை. இரண்டாம் வாசிப்பில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது வளர்வது அவர்களே.